நாலாம் பக்கத்தில் ஒரு முகவரி

போன மாதம் இரண்டு பெண்கள் என்னைத் தேடிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தார்கள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லைப்ரரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள். "மேடம், ஜீன் தெரபி ட்ரயல் எங்கே நடக்குதுன்னு கேட்டா இப்போ கம்ப்யூட்டரே எல்லாத்தையும் சுருக்கி எழுதிக் கொடுத்துடுது. அந்தக் காலத்துல நீங்க எப்படித் தேடினீங்க?" என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சுருக்கிக் கொடுக்குதா? எதை விட்டுட்டுச் சுருக்குச்சுன்னு யாரு பார்க்கிறா?" என்றேன். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கிழவியை வம்புக்கு இழுத்துவிட்டோமே என்று நினைத்திருப்பார்கள். சாயா போட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன். அன்று பேசியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவுக்குக் கொச்சி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. எனக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை போட இரண்டும். தமிழ் எழுத்தை அம்மா வாங்கிவரும் பழைய வாரப் பத்திரிகைகளில்தான் கற்றேன். நூலகப் படிப்பு படித்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. அட்டை எழுதினேன், தூசி தட்டினேன், பாஸானேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எர்ணாகுளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருத்துவ நூலகத்தில் வேலை கிடைத்தது. காலையில் மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில் போட் ஏறுவேன், சாயங்காலம் அதே போட்டில் திரும்புவேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் குரியன் சார். மதராஸில் படித்தவர், அதனால் என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். மனுஷர் ஒருநாளும் பாராட்டியதில்லை. பால் விடாத கட்டன் சாயாவை உறிஞ்சிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நான் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எவிடெ வாயிச்சு?" எங்கே படித்தாய் என்று அர்த்தம். டாக்டர் சொன்னார் என்றால் முகத்தைச் சுளிப்பார். "டாக்டர் எவிடெ வாயிச்சு?" என்பார். அப்படி ஒரு பிடிவாதம்.

ஒரு குழந்தை டாக்டர் வந்து, ஜீன் தெரபி என்று மரபணுவையே மருந்தாகச் செலுத்துகிற ஒன்று அமெரிக்காவில் தொடங்கியிருக்கிறதாமே, மனிதர்கள்மேல் என்னென்ன சோதனை நடக்கிறது என்று தேடிக் கொடு என்றார். நான் அந்தச் சொல்லைக் கேட்டதே அன்றுதான். அப்போது ஏது இன்டர்நெட்? உலகத்து மருத்துவப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளின் தலைப்புகளை எல்லாம் சேர்த்து மாதாமாதம் ஒரு தடிப் புத்தகம் வரும். கப்பலில் வருவதால் எங்களுக்கு அது எப்போதும் பழசுதான். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. பொருள் தலைப்பைப் பிடித்து, கட்டுரையைப் பிடித்து, எழுதியவரின் விலாசத்தைப் பிடித்து, "தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பித் தருவீர்களா" என்று அச்சடித்த கார்டில் பெயரை நிரப்பித் தபாலில் போடுவோம். சிலர் அனுப்புவார்கள். சிலர் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

அந்தத் தேடலில்தான் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. அந்த நாட்களில் அமெரிக்காவில் மனிதர்மேல் ஜீன் தெரபி செய்துபார்க்க வேண்டுமானால், திட்டத்தை ஒரு குழு பொதுமக்கள் முன்னால் வைத்து விவாதிக்குமாம். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். பேசியதை அச்சடித்தும் கொடுப்பார்கள். நாங்கள் எழுதிக் கேட்டோம், ஒரு கட்டு வந்து சேர்ந்தது. அடேயப்பா! போட்டில் அதைப் படித்துக்கொண்டு வந்ததில் நான் இறங்க வேண்டிய ஜெட்டியை ஒருமுறை விட்டுவிட்டேன். விஞ்ஞானி ஒருவர் மரபணுவை உடம்புக்குள் சுமந்துபோகிற வைரஸின் வாலைப் பிடித்துக்கொண்டு பெருமையாகப் பேசுகிறார். குழுவில் இருக்கும் ஒரு சாதாரண அம்மாள் எழுந்து, "நோயாளி கையெழுத்துப் போடுகிற தாளில் இதைச் சிகிச்சை என்று எழுதியிருக்கிறீர்களே, இது சிகிச்சையா, சோதனையா?" என்று கேட்கிறார். அந்த ஒரு சொல்லுக்குப் பக்கம் பக்கமாகச் சண்டை. எனக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. முதல் கட்டம் என்று போட்டிருந்தால் அதில் பார்ப்பது ஆபத்தில்லாமல் இருக்கிறதா என்பதைத்தான், குணமாகிறதா என்பது அப்புறம், என்று அந்தத் தாள்களிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

குரியன் சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ம்ம். எங்கேர்ந்து படிக்கத் தொடங்கினே?" என்றார். முதல் பக்கத்திலிருந்து என்றேன். "அதான் தப்பு. முதல் பக்கம் எழுதறவன் நம்மளை உள்ளே வா வான்னு கூப்பிடறான். கடைசிப் பக்கம் எழுதறவன் வக்கீலுக்குப் பயந்து எழுதறான். அதுல பொய் கொறவு. கடைசிலேர்ந்து படி." பத்திரிகைக் கட்டுரை ஆனாலும் சரி, மருந்துக் கம்பெனியின் வழவழ விளம்பரம் ஆனாலும் சரி, எங்கள் நூலகத்தில் அதுதான் முறை. கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் ஒரு தாளையும் யார் கையிலும் கொடுக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. நோயாளிக்காக நாங்கள் பேசக் கூடாது. எங்கே கேட்பது என்று காட்டலாம், கேட்க வேண்டியது அவர்கள்தான்.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் ஒரு செய்தி வந்தது. அப்படி ஒரு சோதனைக்குத் தானாக முன்வந்த ஓர் இளைஞன் இறந்துபோனான். மருந்தும் கட்டுப்பாடுமாக ஓரளவு நன்றாகவே வாழ்ந்துகொண்டிருந்த பையன். அன்றுவரை எனக்கு இது ஒரு ஆச்சரிய உலகம். அன்றைக்குத்தான் இதில் ஆளும் சாகலாம் என்று உறைத்தது. குரியன் சார் என்னைக் கூப்பிட்டார். இதைப் பற்றிப் பொதுவில் வெளியான எல்லாவற்றையும் தேடி ஒரு கோப்பில் போடு என்றார். போட்டேன். டாக்டர்கள் வந்து வந்து படித்தார்கள்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, கீ கீ என்று கத்திக்கொண்டு டெலிபோன் வழியாக இன்டர்நெட் வந்தது. இரண்டாயிரத்தை ஒட்டி அமெரிக்க அரசு ஒரு பொதுப் பதிவேட்டைத் திறந்தது. எந்த நோய்க்கு, எந்தச் சோதனை, எந்த ஊரில், யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், யாரிடம் கேட்பது, எல்லாம் ஒரே இடத்தில். காசு கிடையாது, சிபாரிசு கிடையாது. தபால் கார்டுக்குப் பதில் வருமா என்று தவம் கிடந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்! மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு ஒவ்வொரு நோயாகப் போட்டுத் தேடினேன். கண், ரத்தம், தசை, ஈரல். வேண்டாத நோய்க்கெல்லாம் தேடினேன். எங்கள் தெருவிலும் போய்ப் பெருமையடித்தேன்.

பெருமையடித்தால் ஆள் வராமல் இருப்பார்களா?

சரசக்கா எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தார். கார்ப்பரேஷனில் பெருக்குகிற வேலை, புருஷன் இல்லை. ஒரே மகன் செந்தில். அவனுக்குப் பிறவியிலேயே ஹீமோபீலியா. ரத்தத்தை உறைய வைக்கிற பொருள்களில் ஒன்பதாவது என்று ஒன்று உண்டு, அது அவன் உடம்பில் ஊறாது. வெளியே அடிபட்டால் மட்டும் இல்லை, சும்மா இருக்கும்போதே முட்டிக்குள் ரத்தம் கசிந்து பந்து மாதிரி வீங்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிப் பிளாஸ்மா ஏற்ற வேண்டும். அப்படி ஓடி ஓடித்தான் அவனை வளர்த்தார். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. படித்து, காக்கநாட்டில் டேட்டா என்ட்ரி வேலையில் சேர்ந்து, வைட்டிலாவில் பஸ் மாறி, ஒரு காலை இழுத்துக்கொண்டு தினமும் போய்வந்தான். வாய் மட்டும் எட்டூருக்கு நீளும்.

ஒருநாள் சாயங்காலம் சரசக்கா என் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். முந்தானைக்குள்ளிருந்து லாமினேட் பண்ணின ஒரு தாளை எடுத்தார். மூலையில் குங்குமப் பொட்டு. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம்.

"வள்ளி, நீ சொல்லுவியே அமெரிக்கா கவர்மென்டு புஸ்தகம், அதுலேயே வந்துருக்கு. ஒரே ஒரு ஊசியாம். செந்திலுக்குச் சரியாயிடுமாம்."

வாங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அச்சு. ஒன்பதாவது பொருள் இல்லாதவர்களுக்கு, அதை ஊற வைக்கிற மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி ஈரலுக்குள் அனுப்பும் சோதனை. பதிவேட்டுப் பக்கம்தான், போலி இல்லை. நானே ஒருமுறை பார்த்த பக்கம்.

"யாரு கொடுத்தா?"

"ஆலுவாவுல ஒரு சேட்டன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புறவரு. கெழக்கே ஏதோ ஒரு நாடு, அங்கே இதே ஊசி போடுறாங்களாம். காசுக்குப் பதிலா வர்ற வெள்ளிக்கிழமை வீட்டை எழுதிக் கொடுக்கிறேன். செந்தில் வேலையை விட்டுட்டான்."

எனக்குப் பகீர் என்றது. அந்த ஒரு அறையும் அடுப்படியும்தான் அவர்களுக்கு உலகத்தில் இருந்த மொத்தமும். தாளைத் திரும்பப் பார்த்தேன். பக்கத்தின் அடியில், கம்ப்யூட்டர் தானாக அச்சடிக்கிற சின்ன எழுத்தில், நான்கில் ஒன்று என்று இருந்தது. திருப்பினால் நான்கில் இரண்டு. மிச்சம் இரண்டு பக்கம் எங்கே என்று கேட்டேன். அவ்வளவுதான் கொடுத்தார் என்றார். நாளைக்குச் செந்திலையும் கூட்டிக்கொண்டு லைப்ரரிக்கு வாருங்கள் அக்கா என்றேன்.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். செந்தில் சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி வந்தான். குரியன் சார் லாமினேட் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நோக்கட்டே" என்றார், பார்க்கலாம் என்று. மேலே இருந்த சோதனை எண்ணைப் பதிவேட்டில் போட்டேன். பக்கம் மெதுவாக வந்தது. நான் நேராகக் கடைசிக்கு இறங்கினேன்.

நாலாம் பக்கத்தில் சோதனை நடக்கிற இடங்கள். எல்லாம் அமெரிக்காவில். கிழக்கு நாடு ஒன்றுமே இல்லை. கீழே தொடர்புக்கு ஒரு பெயரும் இமெயில் முகவரியும். மூன்றாம் பக்கத்தில் யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்கிற பட்டியல். அதில் ஒரு வரி, ஈரலில் வைரஸ் நோய் தீவிரமாக இருப்பவர்கள். செந்திலுக்குச் சின்ன வயதில் ஏற்றின பிளாஸ்மா வழியாக ஈரலில் வைரஸ் வந்திருந்தது. உயிரைக் காப்பாற்றினதே கதவையும் சாத்திவிட்டது. அந்த வரியைத் தமிழில் சொன்னேன். கடைசியாக முதல் பக்கம். லாமினேட் தாளில் ஆள் சேர்க்கிறார்கள் என்று இருந்தது. திரையில் இருந்தது, சேர்ப்பது நிறுத்தப்பட்டது என்று.

சரசக்காவுக்குப் புரியவில்லை. "கவர்மென்டு புஸ்தகத்துல பேர் இருக்குல்ல, அப்போ கவர்மென்டு சம்மதிச்சதுதானே?"

குரியன் சார் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, ரேஷன் கார்டுல பேர் இருந்தா கடைக்காரன் போடற அரிசி நல்ல அரிசின்னு ஆயிடுமா? இது பேர் எழுதி வைக்கிற எடம். நல்லதுன்னு சர்டிபிகேட் கொடுக்கிற எடம் இல்லை. அதுவும் இந்த ஆலுவாக்காரன் பேர் இதுல எங்கயும் இல்லை."

செந்தில் எழுந்துவிட்டான். "பழைய பக்கத்தை வச்சுக்கிட்டுப் பேசாதீங்க சார். அவங்க அங்கே புதுசா பிராஞ்ச் தொறந்திருக்காங்க. எல்லாத்தையும் இதுல போடுவாங்களா?" என்னைத் திரும்பிப் பார்த்தான். "உங்களுக்கென்ன அத்தை, உங்க முட்டி வீங்காது. இத்தனை வருஷமா அதுல அது இருக்கு, இதுல இது இருக்குன்னு தெருவெல்லாம் சொன்னீங்க. ஒண்ணு வந்ததும் இல்லேங்கிறீங்க."

சுருக்கென்று தைத்தது. திருப்பி நாலு வார்த்தை கேட்க நாக்கு துடித்தது. ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. சண்டைக்காரன் கண் கலங்கினால் என்ன சொல்ல முடியும்?

"மோனே, இரி" என்று நாற்காலியைக் காட்டினார் குரியன் சார். "நான் சொல்றதை நம்பாதே. வள்ளி சொல்றதையும் நம்பாதே. அந்த முகவரி உன்னை மாதிரி ஆளுக்காகத்தான் போட்டிருக்கு. நீயே கேளு."

என் நாற்காலியை அவனுக்குக் கொடுத்தேன். ரத்தம் கசிந்து கசிந்து அவனுக்கு ஒரு முழங்கை மடங்காது. இருந்தாலும் அந்த விரல்கள் சாவிகளில் ஓடின வேகம் இருக்கிறதே, எங்கள் ஆபீசில் யாருக்கும் வராது. என் பெயர் செந்தில், ஊர் கொச்சி, எனக்கு ஒன்பதாவது இல்லை, என்று தொடங்கி மூன்று கேள்வி கேட்டான். அந்தக் கிழக்கு நாட்டு ஆஸ்பத்திரி உங்களுடையதா? என்னைச் சேர்ப்பீர்களா? ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் குணமானதா? நான் இங்கிலீஷைத் திருத்தப் போனேன். சார் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

அதற்கப்புறம்தான் அவஸ்தை. வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. ஆலுவாக்காரர் அவர்கள் வீட்டுப் பக்கத்துக் கடைக்கு மறுபடி மறுபடி போன் பண்ணுகிறார், இடம் போய்விடும் என்று அவசரப்படுத்துகிறார். சரசக்கா என்னிடம் பேசவே இல்லை, தண்ணீர்க் குழாயடியில் பார்த்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நான் சொன்னதே தப்பாக இருக்கட்டும், அவனுக்கு அந்த ஊசி கிடைக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். காலையில் லைப்ரரிக்குப் போனதும் முதல் வேலையாக இமெயிலைத் திறப்பேன். ஒன்றும் இருக்காது.

வியாழக்கிழமை பதில் வந்திருந்தது. நான் திறக்கவில்லை. பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அம்மாவும் மகனும் அடுத்த போட்டில் வந்துவிட்டார்கள். குரியன் சார் சாயாவைக் கீழே வைத்துவிட்டு வந்து பின்னால் நின்றார். செந்தில்தான் திறந்தான். ஒவ்வொரு வரியாகப் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னான்.

எழுதியவர் அந்தச் சோதனையை ஒருங்கிணைக்கிற ஒரு நர்ஸ். அந்தக் கிழக்கு நாட்டு ஆஸ்பத்திரிக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, எங்கள் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் தயவுசெய்து ஒன்றும் கொடுக்காதீர்கள், எங்கேயும் போகாதீர்கள் என்று எழுதியிருந்தார். உங்களைச் சேர்க்க முடியாததற்கு வருந்துகிறேன், உங்கள் ஈரலுக்கு இது ஆபத்து என்று எழுதியிருந்தார். சரசக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு, "அப்போ நாளைக்குக் கையெழுத்துப் போட வேணாம்" என்றார். யாரிடமும் கேட்கவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். வீடு தப்பித்த நிம்மதியும் மகனுக்கு வழி அடைத்த துக்கமும் ஒரே முகத்தில் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குணமானதா என்ற மூன்றாவது கேள்விக்குப் பதில் கடைசியில் இருந்தது. டாக்டர்கள் கூட்டத்தில் ஏற்கெனவே வெளிப்படையாகச் சொன்ன விஷயம்தான், அதனால் சொல்கிறேன் என்று தொடங்கியிருந்தார் நர்ஸ். ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்கு ஒன்பதாவது நன்றாக ஊறத் தொடங்கியது. சில வாரம் இருந்தது. பிறகு உடம்பே அதை எதிர்த்து, பழையபடி இறங்கிவிட்டது. ஏன் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

செந்தில் அந்த வரியைத் திரும்பப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். "ஒம்பதாவது ஏறியிருக்கு" என்றான். அது இறங்கிவிட்டதையும் படித்தாயா என்று நான் கேட்க வாயெடுத்தேன், சார் என் தோளைத் தொட்டார்.

"ஏறியிருக்கு அத்தை! என்னை மாதிரியே ஒருத்தன், ஒடம்புல அது ஊறி, சில வாரம் எல்லாரையும் போல இருந்திருக்கான். அந்தச் சில வாரம் அவன் என்ன பண்ணியிருப்பான்?"

என்னுடைய எந்தப் பதிவேட்டிலும் அதற்கு இடம் இல்லை. குரியன் சார் எங்கே படித்தாய் என்று கேட்காத ஒரே சமயம் அது. "கேட்டு எழுது" என்றார் அவனிடம்.

"சொல்ல மாட்டாங்க சார். சொல்லவும் கூடாது, அது அவனோட சொந்த விஷயம்." பிறகு சிரிக்கத் தொடங்கினான். "அவன் என்ன பண்ணினானோ, நானா இருந்தா மொத நாளே போய் இந்தக் கடவாய்ப்பல்லைப் பிடுங்கிப் போட்டிருப்பேன்."

ரத்தம் நிற்காது என்று எந்தப் பல் டாக்டரும் தொட மறுத்த சொத்தைப் பல்லாம். எத்தனையோ வருஷமாக அந்த வலியோடுதான் சாப்பிட்டிருக்கிறான், அம்மாவுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. சரசக்கா அழுதுகொண்டே சிரித்து அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

"எந்தப் பல்லு?" என்றார் குரியன் சார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு.

செந்தில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி வாயை அகலத் திறந்தான். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.